மருதை எழுதாத புத்தகம்

ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் அமிர்தத்தின் கடை இருக்கிறது. டி.டி.பி., ஜெராக்ஸ், ஸ்பைரல் பைண்டிங். வைகுண்ட ஏகாதசி சமயத்தில் கூட்டம் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும். ஒருவரும் உள்ளே வரமாட்டார்கள். ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வைகுண்டம் போகிற வழக்கம் இன்னும் வரவில்லை. மற்ற நாட்களில் ஆதார் கார்டும் பட்டா நகலும் கொண்டுவருபவர்கள் பாதி, ஆய்வேடு கொண்டுவருபவர்கள் பாதி. திருச்சியில் கல்லூரிகளுக்கும் பஞ்சமில்லை, ஆராய்ச்சி செய்பவர்களுக்கும் பஞ்சமில்லை. தமிழைத் தப்பில்லாமல் அடித்துத் தருபவர்களுக்குத்தான் பஞ்சம். டாக்டர் பட்டம் வாங்கிய பலர் தங்கள் ஆய்வேட்டை முழுதாகப் படித்தார்களோ இல்லையோ, அமிர்தம் முழுதாகப் படித்திருப்பாள்.

ஐம்பத்து நாலு வயது. மூக்கு நுனியில் கண்ணாடி. விரல் ஓடும்போது வாயும் ஓடும். "இந்த வாக்கியத்துக்குப் பயனிலையைக் காணோமே சார், வீட்ல விட்டுட்டு வந்துட்டீங்களா?" என்று கேட்பாள். பேராசிரியரானாலும் விடமாட்டாள். ஆனால் கடைசிப் பக்கங்களில் துணைநூற்பட்டியல் வந்துவிட்டால் பேச்சு நின்றுவிடும். அகரவரிசையில் ககரம், சகரம், பகரம் தாண்டி மகரம் நெருங்கும்போது விரலும் தயங்கும். சினிமாவைப் பற்றிய ஆராய்ச்சி என்றால் அந்த இடத்தில் அநேகமாக ஒரு வரி காத்திருக்கும்.

'மருதை, அ., கொட்டகை மணல், முதற்பதிப்பு 1971.'

மருதை, அமிர்தத்தின் அப்பா. பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்தவர். 2001-ல் இறந்துபோனார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, கையெழுத்து மட்டும் போடுவார். அப்படி ஒரு புத்தகத்தை அவரும் எழுதவில்லை, வேறு எவரும் எழுதவில்லை. முப்பது வருஷத்துக்கு முன்னால் அதை ஒரு காகிதத்தில் பிறப்பித்தவள் அமிர்தம்தான்.

1993-ல் அவள் திருச்சிக் கல்லூரி ஒன்றில் எம்.ஃபில். படித்துக்கொண்டிருந்தாள். அவர்கள் இருந்த குவார்ட்டர்ஸ் வரிசையிலிருந்து அவ்வளவு தூரம் படித்த பெண் வேறு கிடையாது. 'திருச்சி வட்டாரக் கூடாரக் கொட்டகைகளும் பார்வையாளரும்' என்பது தலைப்பு. அப்பா சொன்ன கதைகளை நம்பித்தான் அந்தத் தலைப்பை எடுத்தாள். மருதை பிறந்தது மண்ணச்சநல்லூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில், சேரியில். அறுப்பு முடிந்ததும் அங்கே கூடாரம் அடித்துப் படம் காட்டுவார்கள். ஊர்த்தெரு ஆட்கள் திரைக்கு முன்னால் மணலில் உட்காருவார்கள். சேரி ஆட்களைத் திரைக்குப் பின்னால் உட்கார வைப்பார்கள். துணிதானே, பின்னாலும் படம் தெரியும். வலது இடதாகவும் இடது வலதாகவும் தெரியும். சிறு வயதில் மருதை பார்த்த ராஜாக்கள் எல்லோரும் இடது கையால்தான் வாள் வீசினார்கள். டைட்டிலில் ஓடுகிற எழுத்தைப் பார்த்துப் பார்த்துச் சில எழுத்துகளைப் பழகிக்கொண்டார். அத்தனையும் திருப்பிப் போட்ட எழுத்து. இருபத்திரண்டு வயதில் திருச்சிக்கு வேலைக்கு வந்து, ஒரு தியேட்டரில் முதல்முறையாகத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தபோது, ஆபரேட்டர் ரீலை மாற்றிப் போட்டுவிட்டான் என்று நினைத்து எழுந்து நின்று சத்தம் போட்டாராம். இதைச் சொல்லும்போது சிரிப்பார். கேட்கிற அமிர்தத்துக்குச் சிரிப்பு வராது.

அவளுடைய நெறியாளர் பேராசிரியர் பீமராவ் நல்ல மனிதர், ஆனால் சட்டம் பேசுகிறவர். இந்தப் பகுதியைப் படித்துவிட்டுப் பேனாவால் தட்டினார்.

"யாரும்மா சொன்னது இது?"

"எங்க அப்பா சார். அவரே அங்க உட்காந்து பார்த்தவரு."

"அப்பா சொன்னதெல்லாம் ஆதாரமாகுமா? எங்கப்பாகூட என்னென்னமோ சொல்லியிருக்கார். அச்சுல இருக்கா? புத்தகம் பேரு, வருஷம், பக்கம். மூணும் இருந்தா வை. இல்லேன்னா எடுத்துடு."

இன்றைக்கு என்றால் நேர்காணல் என்று ஒரு பேர் வைத்து, ஃபோனில் பதிவு செய்து, பின்னிணைப்பில் சேர்த்துக் கைதட்டு வாங்கியிருக்கலாம். அன்றைக்கு அவர் அப்படித்தான் சொன்னார். ஆய்வேட்டைக் கொடுக்க ஒரு வாரம்தான் இருந்தது. அந்த ஒரு வாரமும் அமிர்தம் நூலகம் நூலகமாக அலைந்தாள். பழைய பத்திரிகை, மலர், சுயசரிதை என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் புரட்டினாள். கொட்டகையைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியிருந்தார்கள். எல்லோரும் திரைக்கு முன்னால் உட்கார்ந்தவர்கள். பின்னால் உட்கார்ந்தவர்களில் ஒருவரும் எழுதவில்லை, முன்னால் உட்கார்ந்தவர்களில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்கிறார்கள். ஒரு பொய் சொல்லி ஒரு எம்.ஃபில். வாங்கினால் என்ன குடிமுழுகிப் போகும் என்று நினைத்தாள். 'கொட்டகை மணல்' என்று ஒரு பெயர் வைத்தாள். குவார்ட்டர்ஸ் கிடைத்த வருஷம் 1971, அதையே போட்டாள். வீட்டு எண் 43, அது பக்க எண் ஆயிற்று. அப்பா வாயால் சொன்னதைக் கொஞ்சம் எழுத்துத் தமிழாக்கி, மேற்கோள் குறிக்குள் வைத்தாள்: 'கொட்டகையில் மணல் எல்லோருக்கும் ஒன்றுதான், திரைக்கு முன்னாலா பின்னாலா என்பதில்தான் ஆள் பிரிந்தார்கள்.' சொன்னது சத்தியம், புத்தகம்தான் பொய். பீமராவ் பார்த்தார், தலையாட்டினார், கையெழுத்துப் போட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் அப்பா ஷிஃப்ட் முடிந்து வந்து, கையில் ஒட்டிய கிரீஸைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். அமிர்தம் கண்ணாடி முன் நின்று தலை வாரியபடி சொன்னாள்.

"அப்பா, உங்க பேர்ல ஒரு புத்தகம்னு போட்டிருக்கேன்."

"என் பேர்லயா?" தேய்ப்பதை நிறுத்திவிட்டார். "அட்டை என்ன கலரு?"

வாய்க்கு வந்ததைச் சொன்னாள். "பச்சைப்பா."

"எங்க கிடைக்கும்?"

"லைப்ரரில இருக்கும்பா."

பின்னலை முடிந்துகொண்டு அவள் வெளியே போய்விட்டாள். அந்தப் பேச்சையே மறந்துபோனாள். பட்டம் வந்தது; வேலைதான் வரவில்லை. டவுன் பஸ் கண்டக்டர் ஜெயக்குமாருக்கு வாழ்க்கைப்பட்டு ஸ்ரீரங்கம் வந்து, டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்திருந்ததை வைத்து இந்தக் கடையைப் போட்டாள்.

பேய் என்றால் ராத்திரியில், புளியமரத்தடியில் வரும் என்பார்கள். அமிர்தத்திடம் அது 2004-ல், ஒரு புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு, ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போதே வந்தது. ஒரு விரிவுரையாளர் தன் ஆய்வேட்டின் கடைசி இயலை அடிக்கக் கொண்டுவந்திருந்தார். நடுவில் 'என்கிறார் மருதை' என்று இருந்தது. கீழே 'கொட்டகை மணல், ப. 43.' அப்பா செத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அவளுடைய எம்.ஃபில். ஏட்டைக் கல்லூரி நூலகத்தில் பார்த்திருக்கிறார். அவள் பெயரைத் தூக்கிப் போட்டுவிட்டு, தானே மருதையைப் படித்ததுபோல எழுதிக்கொண்டார்.

"இந்தப் புத்தகத்தைப் பார்த்தீங்களா சார்?" என்று கேட்டாள். 

"பார்க்காம எழுதுவேனாம்மா? அந்த வரி ரொம்ப நீளமா இருக்கு பாருங்க. 'ஒன்றுதான்'னு வர்ற இடத்துல முற்றுப்புள்ளி வெச்சிடுங்க. மிச்சத்தை எடுத்துடுங்க."

வேண்டாம் என்று சொல்ல ஒரு வாய் வேண்டும். அது அவளுக்கு அன்று இல்லை. புத்தகம் பொய் என்று தெரிந்தவள், வரி பாதி போகிறது என்று எப்படிச் சண்டை போடுவாள்? அழிக்கிற பொத்தானை அவளே அழுத்தினாள். அப்பா உட்கார்ந்திருந்த இடம் ஒவ்வொரு எழுத்தாகப் போயிற்று. 'கொட்டகையில் மணல் எல்லோருக்கும் ஒன்றுதான்' என்பது மட்டும் மிஞ்சியது.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான் பிறகு. அந்த ஏட்டிலிருந்து இன்னொருவர் எடுத்தார், அவரிடமிருந்து நாலு பேர். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்கு மதி எங்கே போச்சு என்பார்கள். ஆராய்ச்சியில் கேட்பவர்கள் அடிக்குறிப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்துவிடுகிறார்கள். 'கொட்டகையில் அனைவரும் சமமாக அமர்ந்தனர் (மருதை, 1971)' என்று ஒருவர் எழுதினார். 'சாதி கரைந்த முதல் வெளி கொட்டகையே என்று நிறுவுகிறார் அறிஞர் மருதை' என்று இன்னொருவர் எழுதினார். அப்பா சொல்லாததையெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். அறுபதாம் பக்கம், எண்பத்தேழாம் பக்கம் என்று புதிது புதிதாகப் பக்கங்கள் முளைத்தன. அத்தனையையும் அமிர்தமே அடித்தாள். அடித்து முடித்த நாட்களில் வீட்டுக்குப் போய் யாரோடும் பேசமாட்டாள். செத்துப்போன மனிதரின் வாயை ஊரார் கூடித் திறந்து திறந்து மூடுவதாகவும், தானும் அதில் ஒரு கை பிடிப்பதாகவும் அவளுக்குத் தோன்றும்.

எல்லாவற்றையும்விட ஒன்று அவளை ஆட்டிவிட்டது. ஆறு வருஷத்துக்கு முன் வந்த ஒரு ஏட்டில், 'பச்சை நிற அட்டை கொண்ட இச்சிறுநூல்' என்று இருந்தது. அடித்துக்கொண்டிருந்தவள் விரலை எடுத்துவிட்டாள். பச்சை என்பதை அவள் தன் ஆய்வேட்டில் எழுதவில்லை. கணவனிடம்கூடச் சொன்னதில்லை. அப்பாவிடம் மட்டும் சொன்னாள், அவரும் இல்லை. அப்படியானால் யாரோ பார்த்திருக்கிறார்கள். அப்பா யாரையாவது வைத்து எழுதச் சொல்லி, எங்காவது அச்சடித்து வைத்துவிட்டுப் போயிருப்பாரோ? முட்டாள்தனம் என்று தெரிந்தும், மலைக்கோட்டைப் பக்கம் போனால் பழைய புத்தகக் கடையில் பச்சை அட்டைகளைப் புரட்டிப் பார்ப்பாள். நிம்மதி போய்விட்டது.

இப்படி இருக்கையில்தான் இளவேனில் வந்தாள். மணப்பாறைப் பெண், இருபத்தெட்டு வயது. சினிமாக் கொட்டகையும் சமத்துவமும் பற்றி முனைவர் பட்ட ஆய்வு. முதல் இரண்டு இயல்களை இந்தக் கடையில்தான் அடித்திருந்தாள். மூன்றாவது இயலை வேறு இடத்தில் அடித்து, எல்லாவற்றையும் பல்கலைக்கழகத்தில் கொடுத்தும் விட்டாள். ஏடு திரும்பி வந்துவிட்டது.

"அக்கா, எக்ஸாமினர் ஒரே ஒரு கரெக்‌ஷன் சொல்லியிருக்கார். மூணாவது இயல் பூரா மருதையை நம்பி நிக்குதாம். அந்தப் புத்தகத்தோட முதல் பக்கத்தையும் நாப்பத்தி மூணாம் பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்துப் பின்னால சேக்கணுமாம். இல்லேன்னா அந்த இயலையே திருப்பி எழுதணும். நாலு மாசம்தான் டைம். சென்னை, தஞ்சாவூர் எல்லாம் தேடிட்டேன்கா. உங்ககிட்ட யாராச்சும் அதை ஜெராக்ஸ் எடுக்க வந்தாங்களா?"

அமிர்தம் அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பச்சை அட்டை அவள் வாயைக் கட்டிப்போட்டது. "அந்தப் பச்சைன்னு எழுதினவரைக் கேட்டியா?" என்று மட்டும் கேட்டாள்.

"கேட்டேன்கா. பொன்மலைல ஒரு படிப்பகம் இருக்காம். அங்க கேட்டேன்னாரு. நாளைக்குப் போறேன்."

"நானும் வரேன்" என்றாள் அமிர்தம். கடையைச் சாத்திவிட்டுப் போனாள். கூட வரும் இந்த அக்காவுக்கு என்ன அக்கறை என்று இளவேனிலுக்கு ஒரே ஆச்சரியம்.

பணிமனைச் சங்கு ஊதுகிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். படிப்பகம் குவார்ட்டர்ஸ் தெருக்கோடியில் இரண்டு அறைகள் கொண்ட கட்டடம். அதைப் பார்த்துக்கொள்ளும் லூர்துராணி கம்ப்யூட்டரில் பெயரைத் தட்டினார்.

"கொட்டகை மணல். அ. மருதை. இருக்கே! ஆனா வெளில போயிருக்கு. திரும்பி வரல."

இளவேனில் அமிர்தத்தின் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். "யாருங்க எடுத்துட்டுப் போனது?"

லூர்துராணி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். "எடுத்தவர் பேரும் அ. மருதைன்னுதாங்க இருக்கு."

அமிர்தம் பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். இல்லாத புத்தகம் இருக்கிறது. அதை இல்லாத மனிதர் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், அவளுக்குத் தாங்க முடியாத சந்தோஷமாக இருந்தது.

"இருங்க, எனக்கு ஞாபகம் வருது" என்று லூர்துராணி அலமாரியைத் திறந்து ஒரு நீள நோட்டை எடுத்தார். "கம்ப்யூட்டர்ல ஏத்தினவங்க, இந்தக் கேட்பு நோட்டையும் சேத்துப் புத்தகக் கணக்குல ஏத்திட்டாங்க. இங்க இல்லாத புத்தகத்தை யாராச்சும் கேட்டா இதுல எழுதி வெப்போம். இந்தப் புத்தகம் இங்க வந்ததே இல்லைங்க. ஒரு பெரியவர் கேப்பாரு. ரிட்டயர்டு ஃபிட்டரு. நான் வேலைக்குச் சேந்த புதுசு. திங்கக்கிழமை ஆனா வந்துடுவாரு. 'நான் எழுதுன புத்தகம் இங்க இருக்காம், எம்பொண்ணு சொல்லுச்சு, பச்சை அட்டை'ம்பாரு. படிக்கவாங்கய்யான்னு கேப்பேன். 'எனக்குப் படிக்கத் தெரியாதும்மா. பாக்கணும்'பாரு. அடுத்த வாரம் வாங்கன்னு எழுதி வாங்கிப்பேன். மூணு வருஷம் வந்தாரு. அப்புறம் காணோம்."

இளவேனில் கேட்டாள்: "பச்சை அட்டைன்னு ஆராய்ச்சிக்காரங்களுக்குச் சொன்னது நீங்களா?"

"ஆமாங்க. அந்தப் பெரியவர் சொன்னதை வெச்சுத்தான். அவருக்குத் தெரியாம எனக்கா தெரியும்?"

நோட்டை விரித்துக் காட்டினார். தேதி, வேண்டும் நூல், கேட்டவர், ஒப்பம். திங்கள், திங்கள், திங்கள். பக்கம் பக்கமாக ஒப்பத்துக்குக் கீழே ஒரே கையெழுத்து. மகரம் கண்ணாடியில் பார்த்ததுபோலத் திரும்பியிருந்தது. அப்பா அப்படித்தான் போடுவார். சம்பளப் பட்டுவாடாவில்கூட அதை ஒருவரும் திருத்தியதில்லை. அமிர்தம் அந்தத் தாளின்மேல் கையை வைத்துக்கொண்டாள். எடுக்க முடியவில்லை. தலை வாரிக்கொண்டே சொன்ன ஒரு வார்த்தைக்காக ஒரு மனிதர் மூன்று வருஷம் நடந்திருக்கிறார். அவளிடம் ஒருநாள்கூடக் கேட்கவில்லை. படித்த பெண் சொன்னது தப்பாக இருக்காது, தனக்குத்தான் தேடத் தெரியவில்லை என்று நினைத்திருப்பார்.

பஸ் ஸ்டாப் டீக்கடைக்கு வந்ததும் இளவேனிலிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பீமராவ் சொன்னதிலிருந்து, திரைக்குப் பின்னால் உட்கார்ந்ததிலிருந்து, பாதி வரியை அழித்ததுவரை. இளவேனில் டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள். முகம் கறுத்துவிட்டது.

"மூணு வருஷம்கா. என் மூணு வருஷம். முதல் இயல் அடிச்சப்பவே உங்களுக்குத் தெரியுமில்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சும் அடிச்சீங்க."

 இரண்டு பேரும் வேறு வேறு பஸ்ஸில் ஏறினார்கள்.

இரண்டு வாரம் கழித்து இளவேனில் கடைக்கு வந்தாள். கையில் பின்னிணைப்பு. படிப்பகத்தின் கம்ப்யூட்டர் பதிவை அச்செடுத்து வைத்திருந்தாள். 'நூல் உள்ளது, தற்போது இரவலில்.'

"இது பொய் இல்லையேக்கா. அவங்க கம்ப்யூட்டர்ல இருக்கிறதுதானே. எக்ஸாமினர்கிட்ட ஃபோன்ல சொல்லிட்டேன், இது போதும்னுட்டார். கல்லூரில எனக்கு இன்டர்வியூ வருது. இதைப் போய் உடைச்சுடாதீங்கக்கா, உங்க கால்ல விழறேன்."

"நான் யார்கிட்டயும் சொல்லல. அந்த வரியை மட்டும் முழுசாப் போட்டுடு. முன்னாலா பின்னாலாங்கிறதையும் சேத்து. எங்கப்பா அதைத்தான் சொன்னாரு."

"முழுசாப் போட்டா என் இயலே விழுந்துடும். எல்லாரும் சமமா உக்காந்தாங்கன்னுதானே நூறு பக்கம் எழுதியிருக்கேன்?"

"அப்ப நான் அடிக்க மாட்டேன்மா."

இளவேனில் தாள்களைப் பொறுக்கிக்கொண்டு போனாள். சத்திரம் பேருந்து நிலையத்துப் பக்கம் கடைகளுக்கா குறைவு? தையில் அவளுக்குப் பட்டம் வந்தது. அவளைக் குறை சொல்வதற்கில்லை. அமிர்தமும் அந்த வயதில் அதைத்தான் செய்தாள்.

இப்போது அமிர்தம் செய்தது வேறு. கடையில் ஆள் இல்லாத மத்தியான வேளைகளில், மூன்று மாதம் உட்கார்ந்து, ஒன்பது பக்கக் கட்டுரை ஒன்று எழுதினாள். 'திரைக்குப் பின்னால்: என் அப்பா மருதை சொன்னது' என்று தலைப்பு. முதல் பத்தியிலேயே, 'கொட்டகை மணல் என்று ஒரு நூல் இல்லை. அதை நான்தான் கற்பனை செய்தேன்' என்று போட்டாள். பட்டத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள், ஆராய்ச்சிக்காரர்கள் கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார்கள் என்று தெரிந்தேதான் போட்டாள். கேட்பு நோட்டின் நகலையும் சேர்த்தாள். இது ஒன்று அச்சில் வந்துவிட்டால் போதும், அப்பா உட்கார்ந்த இடம் அவருக்குத் திரும்பக் கிடைத்துவிடும்.

"முப்பது வருஷம் கழிச்சு இதெல்லாம் எதுக்கு? யாரு கேட்டா?" என்றார் ஜெயக்குமார்.

"யாருமே கேக்கலைங்க. அதான்."

திரைப்பட ஆய்வுக்கென்றே வரும் ஒரு காலாண்டிதழுக்கு அனுப்பினாள். நாலு மாதம் பதில் இல்லை. கடையில் அடித்துக்கொண்டிருக்கும்போதே நாளைக்கு நாலு முறை மெயிலைத் திறந்து பார்ப்பாள். ஐந்தாவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில் வந்தது. ஜெராக்ஸுக்கு இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அவர்களைக் கொஞ்சம் இருக்கச் சொல்லிவிட்டுத் திறந்தாள்.

'தங்கள் கட்டுரையை வெளியிட இயலாமைக்கு வருந்துகிறோம். மதிப்பீட்டாளரின் கருத்துகள் வருமாறு: கொட்டகையில் பாகுபாடு இருந்தது என்னும் கட்டுரையாளரின் வாதம், இத்துறையின் அடிப்படை நூலான மருதைக்கு (1971) நேர் முரணானது. அந்நூல் இல்லை என்பது ஏற்கத்தக்கதல்ல. நாற்பதுக்கும் மேற்பட்ட ஆய்வுகள் அதை மேற்கோள் காட்டியுள்ளன, நூலகப் பதிவும் உள்ளது. மருதை போன்ற ஓர் அறிஞரை எழுத்தறிவற்றவராகச் சித்திரிப்பது அவருக்குச் செய்யும் அவமதிப்பு. மகள் என்று சொல்லிக்கொள்வது ஆதாரம் ஆகாது. கட்டுரையாளர் மருதையை முறையாகப் படிக்கவில்லை. நூல், நூலகத்தில் இருக்கும். தேடிப் படித்துவிட்டு மீண்டும் எழுதுவது நல்லது.'

அமிர்தம் கடைசி இரண்டு வரிகளை வாய்விட்டுப் படித்தாள். மறுபடியும் படித்தாள். திங்கட்கிழமை தோறும் படிப்பகத்து மேஜையின் முன் நின்ற மனிதருக்கு எப்படி இருந்திருக்கும் என்று அதுவரை அவள் கற்பனைதான் செய்திருந்தாள். இப்போது தெரிந்தது. நிற்கிறவர்களைப் பற்றிய நினைவே இல்லாமல், கீபோர்டின்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, "அப்பா, அப்பா" என்று சத்தம் போட்டு அழுதாள்.